தண்ணீர் போகாத பாத்ரூமும் வீட்டில் நிற்காத சைக்கிளும்

பாகலகுண்டே,
பெங்களூரு.

பாசத்துக்குரிய ரமா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் சங்கமித்ரா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். பாத்ரூம் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. அங்கே ராபர்ட்சன்பேட்டையில் உங்கள் வலது முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வரும் சத்தம் குறைந்ததா, இல்லை ஆபரேஷன் நாள் நெருங்குவது அதற்கும் தெரிந்துபோய் இன்னும் கூடுதலாகக் கத்துகிறதா? டாக்டர் சொன்னபடி காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் உட்கார மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுவது என் கடமை.

அத்தை, போன மாதம் அப்பாவுடன் போனில் பேசும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தங்கப்போவது எங்கள் வீட்டிலா, ஓசூர் சித்தப்பா வீட்டிலா என்பது எங்கள் பாத்ரூமைப் பொறுத்தது என்றீர்கள். “டேய் துரை, நீ ரெடின்னு சொன்னா அது ரெடியில்ல. உன் பொண்டாட்டி ரெடியில்லன்னு சொன்னா அது உன்மேல இருக்கற கோவம். மித்ரா எழுதட்டும். அவ இன்னா எழுதறாளோ அதுதான் எனக்கு” என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூவரும் கேட்டோம். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு நீதிபதிக்குரிய மரியாதை. அப்பா மல்லேஸ்வரத்திலிருந்து சைக்கிளிலேயே மைசூர்பாக் வாங்கி வந்தார். சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் வைத்திருந்ததால் அது வீடு வரும்போது மாவாக இருந்தது, ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டேன். அம்மா காலையில் என்னை எழுப்புவதை நிறுத்திவிட்டாள். நான் பேனாவைத் தேடினாலே இரண்டு பேரும் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். “ரெடின்னு எழுத மனசு வரலன்னா ‘கிட்டத்தட்ட’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ பாப்பா” என்கிறார் அப்பா. “அந்தக் கிட்டத்தட்டவுல கால வச்சி வழுக்கி வுழுந்தா யாரு பாக்கறது” என்கிறாள் அம்மா. அதனால்தான் இன்று இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். அம்மாவின் வாட்ஸ்அப்பில் எழுதினால் அனுப்புவதற்குள் இரண்டு பேரும் அதைத் திருத்திவிடுவார்கள், அதனால்தான் தபால்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அந்த மேஸ்திரியிலிருந்து ஆரம்பித்தது. நீங்கள் வந்து தங்குவதாகப் பேச்சு எழுந்தவுடனே, இருக்கிற பாத்ரூமை உடைத்து வெஸ்டர்ன் கம்மோடு வைத்து, புதுத் தரை போட வேண்டும் என்று அப்பாதான் முதலில் சொன்னார். மேஸ்திரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வயதானவர். பாத்ரூமுக்குள் போய் சுவரில் கையை விரித்து சாண் சாணாக அளந்தார். அப்பா பீன்யா கம்பெனியில் வேலை செய்வது இருபது வருஷமாகத் தரச் சோதனைப் பிரிவில் என்பது உங்களுக்குத் தெரியும். தலைமுடியைப் பத்தாகப் பிளந்த அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு தடித்திருந்தாலும் அதைத் தூக்கி ஓரமாகப் போடுகிறவர். அவர் கண் முன்னால் ஒருவர் சாண் போட்டு அளந்தால் எப்படி இருக்கும்? மேஸ்திரிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, “கையால அளக்கறவனுக்கு வேலை குடுக்கறதுக்கு நானே செய்யலாம்” என்றார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டாள். அதற்காக இன்றுவரை தன் தலையையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இது ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் தீபாவளிக்கு முன்பே முடிந்திருக்கும். ஆனால் அதே மாதத்தில்தான் சைக்கிளும் வந்தது. அப்பா கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் ஸ்ரீஹர்ஷா என்று ஒரு பையன், கல்யாணம் ஆகாதவர். அவர் புதிதாக வேறு சைக்கிள் வாங்கியதால் பழையதை அப்பாவுக்குக் கொடுத்தார். கைப்பிடி ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். கேரியர் கிடையாது, மணி கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. எங்கேயாவது சாய்த்துத்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் திருடு போகும் என்று ஹாலில் என் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் சாய்த்து வைத்திருக்கிறார். முதல் ஞாயிறு ஸ்ரீஹர்ஷாவின் கூட்டத்தோடு நந்தி பெட்டா மலை ஏறிவிட்டு வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா பயந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது காய்ச்சல் இல்லை அத்தை. காய்ச்சலாக இருந்தால் இறங்கியிருக்கும்.

அதன் பிறகு ஞாயிறு வந்தால் சண்டைதான். ஒரே நாள் லீவு. பாத்ரூமா, சைக்கிளா? கடைசியில் அம்மா ஒரு சட்டம் போட்டாள்: வீட்டு வேலையில் ஏதாவது ஒன்றை முடித்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும். அப்பா சட்டத்தை மீறவே இல்லை. அதுதான் கஷ்டமே. சிமென்ட், பட்டி, பெயின்ட் எதுவாக இருந்தாலும் பூசிய பிறகு காய வேண்டும் இல்லையா? அப்பா விடியும் முன்பே எழுந்து எதையாவது ஒரு இடத்தில் பூசிவிட்டு, கை கழுவி, ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். அம்மா கேட்டால், “என் வேலை முடிஞ்சிது, இப்ப சிமென்ட் அது வேலையப் பாத்துகினு கீது. நான் பக்கத்துல நின்னா சீக்கிரமா காஞ்சிடுமா?” என்பார்.  கொஞ்ச நாளில் அப்பா காயக்கூடிய வேலைகளாகவே தேடித் தேடி ஆரம்பித்தார். ஹால் சுவரில் பாதிக்குப் பட்டி. சமையலறை அலமாரிக்கு ஒரு கை பெயின்ட், கதவைக் கழற்றி மொட்டை மாடியில். வாசல்படிக்கு ஒரு பூச்சு. எங்கள் வீட்டில் எதுவும் முடிந்தது என்று கிடையாது, எல்லாமே காய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் சுவரில் சாயாமல் வாழப் பழகிவிட்டோம். சிமென்ட் வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது மட்டும் என் வேலை, ஏனென்றால் நான்தான் வீட்டில் இருக்கிறேன். பத்தாவதோடு நின்ற பெண் வீட்டில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், சிமென்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

வாசல்படியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். அது பூசிய அன்று ஸ்ரீஹர்ஷா அப்பாவைக் கூப்பிட வந்தார். அவர் போடும் சைக்கிள் ஷூவின் அடியில் இரும்பு மாதிரி ஒரு கட்டை இருக்கும். வந்தவர் மரியாதையாக “நமஸ்கார ஆன்ட்டி” என்று சொல்லிக்கொண்டே படியில் காலை வைத்தார். கணுக்கால் வரை போய்விட்டது. அதை எடுக்கப்போய் இன்னொரு காலையும் வைத்தார். அப்பா சமாளித்து, பரவாயில்லை, வந்து மட்டம் பண்ணிக்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார். வரும்போது படி காய்ந்திருந்தது. அத்தை, எங்கள் வீட்டு வாசலில் இப்போது குதிரை ஏறிப் போன மாதிரி இரண்டு குழி இருக்கிறது. மழை பெய்தால் குருவி வந்து குளிக்கிறது. பாத்ரூமைவிட அங்கே குளிப்பது சுலபம்.

இனி டைல்ஸ். கேரியர் இல்லாத சைக்கிளில் முதுகுப் பையில் வைத்து, ஒவ்வொரு நடையாகக் கொண்டுவந்தார். அப்படிக் கொண்டுவருவது மலை ஏறுவதற்கு நல்ல பயிற்சியாம். வந்த ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் கம்பெனி அளவுகோல் வைத்து அளந்தார். கடைக்காரர் ஒரே அளவு என்று சொன்னது அப்பாவின் கணக்கில் ஒரே அளவு இல்லை. சரியில்லாதவற்றின் முதுகில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு என் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஒரு சமயம் தரைக்குப் போனவை குறைவு, கட்டிலுக்கு அடியில் போனவை அதிகம். “குளிக்கத்தான போறோம், ராக்கெட்டா வுடப்போறோம்” என்று அம்மா கேட்டாள். ராக்கெட்டுக்குப் பாகம் செய்தவர்களே என் அளவை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அம்மா அடுத்த தெருவில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

எப்படியோ கம்மோடு உட்கார்ந்தது, அசையவே அசையாது. குளிக்கும் பக்கத்துத் தரையும் ஒரு வழியாக முடிந்தது. அப்பா ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொரு டைல் மேலும் வைத்துக் காட்டினார். அந்தக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் குமிழி எங்கே வைத்தாலும் நட்ட நடுவில் நின்றது. கண்ணைச் சிமிட்டினால்கூட அது அசையாது போலிருந்தது. அப்பா பெருமையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் பரவியது. பரவி, சுவர் வரை போய், நின்றது. அப்படியே நின்றது. கண்ணாடி மாதிரி எங்கள் மூன்று பேர் முகமும் அதில் தெரிந்தது. அப்பா குனிந்து ஒரு ஸ்கேலை ஒரு மூலையில் விட்டார், அடுத்த மூலையில் விட்டார், நாலு மூலையும் பார்த்தார்.

“பாத்தியா? நாலு மூலையிலயும் ஒரே ஆழம்.”

அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். மூலையில் தண்ணீர் வெளியே போக வைத்திருக்கும் ஓட்டையைப் பார்த்தாள்.

“இன்னாங்க, இது எப்பப் போகும்?”

அப்பாவின் முகம் மாறியதை நான் அந்தத் தண்ணீரில்தான் பார்த்தேன் அத்தை. பாத்ரூம் தரை ஓட்டையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், அதற்கு வாட்டம் என்று பெயர் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் ரசமட்டத்தைக் கையில் எடுத்தவுடன் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. சரிவாக இருப்பது எதுவாக இருந்தாலும் அதை நேராக்கிவிட்டுத்தான் அவருக்கு மூச்சு வரும்.  அப்பா ஹாலுக்குப் போனார், ஹெல்மெட்டை எடுத்தார். “யோசிச்சிட்டு வரேன்” என்றார். அன்று ஞாயிறுகூட இல்லை, புதன்கிழமை. சைக்கிள் விளக்கு தெருமுனையில் திரும்பும் வரை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் குதிரைக் குழியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

யோசித்து வந்தது இன்னும் மோசம். தரையை உடைக்க மனசு வரவில்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு மட்டம் இனி வராது என்றார். அதனால் தண்ணீரை வெளியே தள்ள ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட சின்ன பம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, சைக்கிளை ஹாலில் ஒரு இரும்புத் தாங்கியில் ஏற்றி, பின்சக்கரத்துக்கும் பம்புக்கும் பெல்ட் போட்டார். ஒருவர் குளிக்க வேண்டும், ஒருவர் ஹாலில் மிதிக்க வேண்டும். மிதித்தால் பம்பு பாத்ரூம் தண்ணீரை உறிஞ்சி, ஜன்னல் வழியாகக் குழாயில் வெளியே விட்டுவிடும். வீட்டு வேலையும் நடக்கும், சைக்கிள் பயிற்சியும் நடக்கும், இனி ஞாயிற்றுக்கிழமை சண்டையே வராது என்றார். அத்தை வந்தால் அவங்க குளிக்கும்போது மித்ரா மிதிப்பாள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் விளையாடவில்லை.

சோதனை அன்று அப்பா பாத்ரூமில் உட்கார்ந்து தண்ணீரைக் கவனித்தார். நான் மிதித்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. “இன்னும் வேகமா பாப்பா, நந்தி பெட்டா ஏறுறன்னு நெனச்சிக்கோ” என்று உள்ளேயிருந்து சத்தம். நான் நினைத்துக்கொண்டேன். பெல்ட் சூடானது, பம்பு ஒரு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், “போவுது, போவுது, வுடாத” என்று அப்பா கத்துகிறார், நானும் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறேன், தண்ணீர் வெளியே போகிறது என்பதில் எங்களுக்குச் சந்தோஷம், வெளியே என்றால் எங்கே என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ருக்மிணி ஆன்ட்டி அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டு முற்றத்தில் வேட்டி விரித்து அரிசி வடாம் பிழிந்திருந்தார்கள். அவர்கள் பாஷையில் அது சண்டிகே. வருஷம் முழுவதுக்கும் பிழிந்தது. சோப்புத் தண்ணீர் போய் அதன் நடுவில் இறங்கியிருக்கிறது.

ஆன்ட்டி வந்து நம் வாசலில் நின்று, “அப்பாதுரை அவரே, நிம்ம பாத்ரூம் நீரு நம்ம சண்டிகே மேலே யாகே பருத்தே?” என்று, எங்கள் பாத்ரூம் தண்ணீர் அவர்கள் வடாம் மேல் ஏன் வருகிறது என்று கேட்டார்கள். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா நனைந்த லுங்கியோடு வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கன்னடத்தில் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். தண்ணீர் இவ்வளவு தூரம் போகும் என்று தானே எதிர்பார்க்கவில்லை என்றும், அது நல்ல செய்தி என்றும் சொன்னார். ஆன்ட்டி கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்களோடு பேச்சு இல்லை. மிதித்தது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் மாடிக்குத் துணி காயப்போடப் போவதையே விட்டுவிட்டேன்.

இப்போது நிலைமை இது. பம்பை அம்மா கழற்றச் சொல்லிவிட்டாள். நாங்கள் குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரை ஓட்டைக்குத் தள்ளுகிறோம். தள்ளினால் போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் புது முட்டியோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருகிற உங்களை அந்தத் தண்ணீரில் நிற்க வைக்க என்னால் முடியாது. அத்தை, பாத்ரூம் ரெடியில்லை. கிட்டத்தட்டவும் ரெடியில்லை. நீங்கள் ஓசூருக்கே போய்விடுங்கள். அங்கே சித்தப்பா பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பியெல்லாம் போட்டிருக்கிறாராம், படம் அனுப்பினார்.

இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. இந்தக் குளிர்காலம் முழுவதும் நீங்கள் இங்கே இருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துப் பிதுக்கிக்கொண்டே இருக்கலாம், மேலே என்ன படிக்கப்போகிறாய், ஏன் நின்றாய், ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்கள் கேட்காததால் உங்களிடம் மட்டும் எனக்குப் பேச்சு வருகிறது. ஓசூருக்கு வந்து பார்க்கிறேன். அங்கே சித்தி நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்பார். நான் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அப்பா யார் சொன்னாலும் கேட்க மாட்டார், நீங்கள் மீசையை எடுக்கச் சொன்னாலும் எடுப்பார். அந்தச் சைக்கிளை விற்றுவிடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். ஒரு மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தரையும் போட்டு நந்தி பெட்டாவும் ஏற முடியாது. அது போனால் வீடு முடியும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் முட்டி பழையபடி மடங்கி நிமிர வேண்டும் என்று பகவான் புத்தரை வேண்டிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பின்கட்டு ஆட்டுக்குட்டிக்கும் என் அன்பு. அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் பிரியமுள்ள,
சங்கமித்ரா

பின்குறிப்பு: அத்தை, மேலே இருப்பதைப் படித்துவிட்டீர்களா? இனி அதை நம்ப வேண்டாம். எழுதியபோது எல்லாம் உண்மைதான்.

கவர் வாங்க மறந்ததால் கடிதம் தலையணைக்கு அடியில் கிடந்தது. அதற்குள் அப்பாவைக் கம்பெனியில் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே செய்கிற வார்ப்புகளைச் சோதித்துப் பார்க்க. வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தது. அவர் போன மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வைப்பரால் தண்ணீரைத் தள்ளினேன், அது திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன், திரும்பி வந்தது. உங்களுக்கு எழுதிய வரி ஞாபகம் வந்தது, ஓசூருக்கே போய்விடுங்கள் என்று. வைப்பரைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பாவின் சுத்தியலையும் உளியையும் எடுத்து வந்தேன். முதல் அடி அடித்தபோது அப்பாவின் முதுகில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது அடியில் அப்படி இல்லை. குளிக்கும் பக்கம் முழுவதையும் பெயர்த்துவிட்டேன். சாயங்காலம் அம்மா வந்து கதவோரம் நின்று பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கைப்பையைக் கீழே வைத்து, புடவையைச் செருகிக்கொண்டு, உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ள ஆரம்பித்தாள்.

மறுநாள் பாதிக் கலவையில் சிமென்ட் தீர்ந்துவிட்டது. கலந்தது இறுகுவதற்குள் வேண்டும். கடை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நடந்து போனால் நேரம் ஆகும். ஹாலில் சைக்கிள் நின்றது. சீட்டு எனக்கு மிக உயரம், கால் நுனிதான் எட்டும். தெருவில் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, விழாமல் இருப்பதிலேயே என் கவனம் எல்லாம் போய்விட்டது. கடையில் கூட்டம். என்னை யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்க வேண்டியிருந்தது. “அண்ணா, சிமென்ட் கொடி, பேக பேக்கு” என்று, சீக்கிரம் வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னேன். குரல் என்னுடையதுதானா என்று திரும்பிப் பார்த்தேன். முதுகுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இறக்கம் வந்தது. அத்தை, அந்தச் சைக்கிள் இறக்கத்தில் போகும்போது சத்தமே வராது. வீடு வந்தது, நான் நிற்கவில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துதான் இறங்கினேன். கலவை கொஞ்சம் இறுகித்தான் போயிருந்தது, தண்ணீர் விட்டுச் சரி செய்துவிட்டேன். அப்பா நந்தி பெட்டாவிலிருந்து வந்து ஏன் சுவரைப் பார்த்துச் சிரித்தார் என்பது இப்போது தெரிகிறது.

கட்டிலுக்கு அடியில் இருந்த பெருக்கல் குறி டைல்ஸ்களையே பதித்தேன். வாட்டம் சரியா என்று பார்க்க அப்பா மேஜையில் இருந்த பேரிங் குண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்தேன். எங்கே வைத்தாலும் ஓட்டைக்கே ஓடும் வரை தட்டித் தட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்து பாத்ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. பிறகு ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார். நான் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

“எவ்ளோ வாட்டம் வுட்ட?”

“குண்டு உருள்ற அளவு.”

“குண்டு உருள்ற அளவுன்னா அது ஒரு அளவா?”

“தண்ணி போச்சில்லப்பா.”

 அப்பா இறங்கி உட்கார்ந்து டைல்ஸ்களைத் தடவிப் பார்த்தார், இவை எந்த டைல்ஸ் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹாலுக்குப் போனார். சைக்கிள் கைப்பிடியில் சிமென்ட் கை பதிந்திருந்ததைப் பார்த்தார். துணி எடுத்துத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்து சீட்டை இறக்க ஆரம்பித்தார். “வந்து நில்லு” என்றார். என் இடுப்பு உயரத்துக்கு வைத்துப் பார்த்தார், கழற்றினார், இன்னும் ஒரு மயிரிழை இறக்கினார், திரும்ப வைத்துப் பார்த்தார். சாப்பாடு ஆறிப்போகும் வரை அளந்துகொண்டிருந்தார்.

ஆகையால் அத்தை, ஓசூர் வேண்டாம். நேராக இங்கே வாருங்கள், பாத்ரூம் ரெடி. சைக்கிளை விற்கச் சொல்லி அப்பாவுக்கு எழுதிவிடாதீர்கள், தயவு செய்து. ஸ்ரீஹர்ஷாவின் கூட்டத்தில் பெண்களும் வருகிறார்கள், மெதுவாகப் போகிற ஒரு பிரிவு இருக்கிறது. நாளை ஞாயிறு முதல் நான் அதில் போகிறேன். அப்பா வீட்டில் இருந்து தரைக்குத் தண்ணீர் தெளிப்பார். ஹெல்மெட் பட்டையை இப்போதே அளந்துகொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் உங்களை வீட்டுக்கு அனுப்பும் நாளைக் கேட்டால் எந்த நாள் வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் அத்தை. அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.